காருக்கு வேறு ரிம், டயர் பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது?
சக்கரம் பொருந்துவது என்றால் போல்ட்டில் மாட்டுவது மட்டுமல்ல, எங்கும் உரசாமல் சுழல்வதும்தான். இரண்டு ரிம்களும் 15 அங்குலமாக இருக்கலாம். ஒன்றின் போல்ட் துளைகள் 100 மி.மீ. வட்டத்திலும் மற்றதில் 108 மி.மீ. வட்டத்திலும் இருந்தால், காஜா தள்ளி வெட்டிய சட்டை போலத்தான்: அளவு சரி, பொத்தான் சேராது. வலிந்து முறுக்கவே கூடாது. ஓட்டத்தில் நட்டு தளரும், உயிருக்கே ஆபத்து.

ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரோடு சேரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி மட்கார்டில் உரசும். கூடினால் உள்ளே சஸ்பென்ஷனில் இடிக்கும். ரிம்மின் நடுத்துளையும் ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் அச்சின் நடுமுனையில், கச்சிதமாக உட்கார வேண்டும்.

டயரின் மொத்த உயரம் மாறினால் ஸ்பீடாமீட்டர் தவறாகக் காட்டும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவில் முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம் அளவு. 185/65 ஆர்15, 195/55 ஆர்16 இரண்டும் சுமார் 621 மி.மீ. உயரம். ஆனால் எடை தாங்கும் எண் முன்னதில் வழக்கமாக 88, பின்னதில் 87. பழையதைவிடக் குறைந்த எண்ணை வாங்காதீர்கள்.

ஜாக்கியில் தூக்கிச் சுற்றும்போது உரசவில்லையென்றால் பொருந்திவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். மதுரையிலிருந்து அழகர்கோவிலுக்கு ஐந்து பேர் ஏறிப் போய், வேகத்தடையில் காரை ஏற்றி இறக்கி, ஸ்டியரிங்கை முழுதும் ஒடிக்கும்போதுதான் உரசல் தெரியும்.