ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் பைலட் டக்ளஸ் பேடரோட ஸ்பிட்ஃபையர் போர் விமானம் எப்படி விழுந்துச்சு? எதிரி விமானம் மோதுனதா, இல்ல சொந்த ஆளுங்களே சுட்டுட்டாங்களா?

என்னைக் கேட்டா சொந்தப் படையோட குண்டுதான் பட்டிருக்கணும். ஆனா அடிச்சுச் சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல.

தெரியாதவங்களுக்கு, பேடர் 1931ல ஒரு விமான விபத்துல ரெண்டு காலையும் இழந்து, செயற்கைக் கால் வச்சுக்கிட்டே திரும்பவும் பிரிட்டிஷ் விமானப்படையில பறந்த மனுஷன். 1941 ஆகஸ்ட் 9, டாங்மியர் விங்கோட (இங்கிலாந்துல டாங்மியர் தளத்துல இருந்த போர் விமானப் பிரிவு) வடக்கு பிரான்ஸ் மேல போறார், ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானங்களோட சண்டை, திடீர்னு ஒரு பெரிய இழுப்பு, திரும்பிப் பார்த்தா காக்பிட்டுக்குப் பின்னாடி விமானமே இல்ல, வாலோட சேர்ந்து எல்லாம் போயிடுச்சு. குதிக்கப் பார்த்தா வலது செயற்கைக் கால் உள்ள மாட்டிக்கிச்சு, அப்புறம் காலைக் கட்டியிருந்த பட்டை அறுந்து கால் மட்டும் விமானத்தோட போக இவர் பாராசூட்ல இறங்கி ஜெர்மன்காரங்க கையில சிக்கிட்டார். ஒரு 109 மோதிடுச்சுன்னு அவர் சொன்னார்.

சிக்கல் என்னன்னா, அன்னிக்கு மோதல்ல போன 109னு ஜெர்மன் பக்கத்துல எந்தப் பதிவும் இல்ல. அதே நேரம் அதே விங்ல இருந்த கேஸன்ங்கிற பைலட், தான் ஒரு 109ஐப் பின்னாடி இருந்து சுட்டு அதோட வால் பிச்சுக்கிட்டுப் போச்சு, பைலட் வெளிய வரமுடியாம திணறினான்னு சொல்லியிருக்கார். வால் போனது, திணறினது, அப்படியே பேடர் கதைதானே! அந்த மாதிரி வால் போன 109ம் ஜெர்மன் கணக்குல இல்ல.

இதுக்காக பேடர் பொய் சொன்னார்னு சிலர் எழுதுறது எனக்குக் கோபமா வருது. ஸ்பிட்ஃபையர்ல உட்கார்ந்தவனுக்குப் பின்பக்கம் சரியாவே தெரியாது, குண்டு பட்டு வால் ஒடிஞ்சாலும் மோதி ஒடிஞ்சாலும் உள்ள இருக்கறவனுக்கு ஒரே அதிர்ச்சிதான். கேஸனையும் குத்தம் சொல்ல முடியாது, அந்த வேகத்துல, அந்தக் குழப்பத்துல, ஒரு செகண்டுல எது யாரோட விமானம்னு முடிவு பண்ணனும், அன்னிக்கே அவரும் சுடப்பட்டு கைதாயிட்டார்.

2004ல பிரான்ஸ்ல பேடரோடதுன்னு நினைச்சுத் தோண்டினாங்க, கிடைச்சது வேற ஸ்பிட்ஃபையர். இனிமே எஞ்சின் கிடைச்சாலும் பத்தாது, ஏன்னா வால் ஆகாயத்துலயே தனியா பிஞ்சு வேற எங்கயோ விழுந்திருக்கும், குண்டு ஓட்டை இருக்கா இல்லையான்னு அந்தத் துண்டைப் பார்த்தாதான் தெரியும்.