ஞானஸ்நானம் எடுத்த பிறகும் நாக்கு ஊறினால் இரட்சிப்பு பொய்யா?

வாசகர் கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருக்கிறேன். 12 வருடம் குடித்தவன். 8 மாதத்துக்கு முன் ஆண்டவரை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தேன். குடியை விட்டேன். ஆனால் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் மனசு அலைபாய்கிறது. இரண்டு முறை விழுந்தும் விட்டேன். "உன் இரட்சிப்பே பொய். உனக்குள் குடிவெறியின் ஆவி இருக்கிறது. மூன்று நாள் உபவாசக் கூட்டத்துக்கு வா, 15,000 ரூபாய் விதைக் காணிக்கை (பலமடங்கு திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக் கொடுக்கும் பணம்) கொடு, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து" என்கிறார் பிரசங்கம் செய்ய வரும் வெளியூர் ஊழியர் ஒருவர். மனைவி கம்மலை அடகு வைக்கலாம் என்கிறாள். நான் உண்மையிலேயே இரட்சிக்கப்படவில்லையா? சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜனம் எடுக்கலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்தக் கம்மல் உங்கள் மனைவியின் காதிலேயே இருக்கட்டும். மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

மனசு அலைபாய்வதால் இரட்சிப்பு பொய்யாகிவிடாது. சோதனை வருவது வேறு, பாவத்தில் விழுவது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் புதிதாக வந்த விசுவாசிகள் பாதிப் பேர் நொந்துபோகிறார்கள். இயேசுவைப் பற்றி எபிரெயர் 4:15 என்ன சொல்கிறது? "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவர்." சோதிக்கப்படுவதே பாவம் என்றால் அந்த வசனத்துக்கு அர்த்தமே கிடையாது. அவர் யோர்தானில் ஞானஸ்நானம் பெற்று எழுந்த உடனே வனாந்தரத்துக்குத்தான் போனார். அங்கே சோதனை முடிந்ததும் பிசாசு "சிலகாலம்" அவரைவிட்டு விலகினான் என்று லூக்கா 4:13 சொல்கிறது. அந்தச் "சிலகாலம்" என்ற வார்த்தையைப் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்றிருக்கிறது.

அந்த ஊழியர் உங்களிடம் 2 கொரிந்தியர் 5:17 காட்டியிருப்பார். புதுச்சிருஷ்டி, பழையவைகள் ஒழிந்துபோயின என்ற வசனம். இதைக் காட்டாமல் யாரும் இப்படி மிரட்டுவதில்லை. சரி, அது யாருக்கு எழுதப்பட்டது? கொரிந்து சபைக்கு. அதே சபைக்கு அதற்கு முன் பவுல் எழுதிய நிருபத்தில் 11-ம் அதிகாரம் 21-ம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று திட்டுகிறார். வெறி என்றால் குடிவெறி. ஆராதனைக்கு வந்த இடத்தில் குடித்துவிட்டு நின்றவர்கள் அவர்கள். பவுல் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார், எச்சரித்தார். ஆனால் உங்கள் இரட்சிப்பே பொய் என்று ஒரு வரி எழுதவில்லை. அதே நிருபத்தின் தொடக்கத்தில் அவர்களைப் பரிசுத்தவான்களாகும்படி அழைக்கப்பட்டவர்கள் என்கிறார். புதுச்சிருஷ்டி என்பது உண்மைதான். ஆனால் ஞானஸ்நானம் எடுத்த அன்று உங்கள் வட்டிக்கடன் அழிந்ததா? முதுகுவலி போனதா? 12 வருடம் சனிக்கிழமை சாயங்காலம் குடித்துப் பழகிய உடம்பு அந்த நேரத்தை எளிதில் மறக்காது.

விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று ரோமர் 7-ல் பவுல் பேசுவது மனந்திரும்புவதற்கு முன்னா பின்னா என்று பல நூற்றாண்டுகளாக விவாதம் நடக்கிறது. உங்களை அதற்குள் இழுக்க மாட்டேன். கலாத்தியர் 5:17 போதும். மாம்சமும் ஆவியும் ஒன்றுக்கொன்று விரோதமாயிருக்கிறது என்று விசுவாசிகளைப் பார்த்துத்தான் அங்கே எழுதுகிறார். போராட்டம் இருக்கிறதென்றால் உள்ளே இரண்டு தரப்பு இருக்கிறது என்று அர்த்தம். குடித்துக்கொண்டிருந்த 12 வருடத்தில் ஒரு சனிக்கிழமையாவது இப்படிப் போராடினீர்களா?

ஜான் வெஸ்லியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர். 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறிய கூட்டத்தில் அவருடைய இருதயம் தொடப்பட்டது. இன்றும் அந்த நாளை மெதடிஸ்ட் சபைகள் நினைவுகூருகின்றன. அன்று அவருக்கும் வயது 34. ஆனால் அதே இரவு வீடு திரும்பியபின் நடந்ததைப் பலர் பிரசங்கத்தில் விட்டுவிடுவார்கள். சோதனைகள் என்னை மோதின, கூப்பிட்டேன், ஓடின, திரும்பத் திரும்ப வந்தன என்று தன் நாட்குறிப்பில் அவரே எழுதிவைத்தார். அகஸ்டின் 387-ல் மிலானில் ஞானஸ்நானம் பெற்றவர். பத்து வருடத்துக்கும் மேல் கழிந்து, பிஷப்பாக இருக்கும்போது, பழைய இச்சைகள் கனவில் வருகின்றன, சாப்பாட்டில் அளவு மீறத் தோன்றுகிறது என்று வெளிப்படையாக எழுதினார். பிஷப் எழுதினார். நம் சபையில் ஒரு சாதாரண விசுவாசியால்கூட அப்படி எழுந்து பேச முடியுமா?

இதில்தான் எனக்குப் பொறுமை போகிறது. இரண்டு ஞாயிறு வகுப்பு, ஆற்றில் முழுக்கு, ஈரத்துணியோடு ஒரு போட்டோ, ஆண்டறிக்கையில் ஓர் எண்ணிக்கை. அப்புறம் அந்த ஆள் சனிக்கிழமை ராத்திரி எங்கே இருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. ஆதித் திருச்சபையின் பழைய ஒழுங்கு நூல் ஒன்று ஞானஸ்நானத்துக்கு முன் மூன்று வருடம் கற்பிக்கச் சொல்கிறது. நாம் மூன்று வாரம் காத்திருப்பதில்லை. சாட்சி நேரத்தில், அன்றிலிருந்து நான் தொட்டதே இல்லை என்பவருக்கு மட்டும் மைக் கிடைக்கிறது. போன மாதம் விழுந்தேன், எனக்காக ஜெபியுங்கள் என்று ஒருவர் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். அந்த வெற்றிடத்தில்தான் 15,000 ரூபாய்க்காரர்கள் வந்து உட்காருகிறார்கள்.

26 வருடமாக இவர்களைப் பார்த்துவருகிறேன். வழி ஒன்றுதான். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று விசாரித்து ஆள் சேர்க்க உள்ளூரில் ஒரு "சகோதரர்" இருப்பார். அவரிடம் நீங்கள் டீக்கடையில் சொன்னது, மறுவாரம் மேடையில் "வெளிப்பாடாக" வரும். முதலில் ஒரு பாட்டில் ஜெப எண்ணெய். பிறகு உபவாசக் கூட்டம். பிறகு விதைக் காணிக்கை. ஆசை போகவில்லையென்றால் உன் விசுவாசம் போதவில்லை, இன்னும் ஏழு ஆவிகளோடு திரும்பி வந்துவிட்டது என்று மத்தேயு 12-ஐ எடுத்து நீட்டுவார்கள். எப்படியானாலும் குற்றம் உங்கள் தலையில்தான், பணம் அவர்கள் பையில்தான். நீங்கள் அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். காணிக்கை இல்லாமல் ஜெபிப்பீர்களா? என் போதகரும் கூட வந்து உட்காரலாமா? முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். தேவனுடைய வரத்தைப் பணத்தினாலே சம்பாதிக்கப் பார்த்த சீமோனுக்கு, உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது என்று பேதுரு சொன்ன பதில் அப்போஸ்தலர் 8:20-ல் இருக்கிறது. பணத்தை வாங்குகிற ஊழியருக்கும் அது பொருந்தும்.

மாத்திரை விஷயத்தில் ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஜெபத்தோடு டாக்டர் கட்டாயம் தேவைப்படுகிற சமயம் ஒன்று உண்டு. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தும் முதல் சில நாட்கள் அது. வருடங்களுக்கு முன் ஒருநாள் இரவு 2 மணிக்கு என்னை ஒரு ஜெபவீட்டுக்குக் கூப்பிட்டார்கள். குடியை விட வந்த ஒருவரை உபவாசத்தில் வைத்து அறையைப் பூட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள். வேர்த்து ஊற்றுகிறது, கை வெடவெடவென்று நடுங்குகிறது, சுவரில் பூச்சி ஊருகிறது என்று வெறும் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். பிசாசு ஆடுகிறது என்று சுற்றி நின்று சத்தமாக ஜெபித்தார்கள். எனக்கும் அன்று அதற்குமேல் தெரியாது. நானும் கை வைத்து ஜெபித்தேன். விடியற்காலை வலிப்பு வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். பிழைத்துவிட்டார். குடியை நிறுத்தி இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இப்படி வருவதுண்டு, உயிரே போகலாம் என்று டாக்டர் விளக்கினார். குடிப்பவர் உடம்பில் வைட்டமின் பி1 ஏற்கெனவே குறைந்திருக்கும், அந்த நிலையில் பட்டினி போட்டது இன்னும் மோசம் என்றும் சொன்னார். நான் கை வைத்த அந்த நெற்றியின் சூடு இன்னும் நினைவிருக்கிறது. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு உங்களோடு வேனில் வருகிற இன்னொருவர் நேற்றுவரை குடித்தவராக இருக்கலாம். அவரிடமும் சொல்லுங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் கிடையாது.

விழுந்த இரண்டு முறையைப் பற்றி: அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அது பாவம், அறிக்கையிடுங்கள். அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கு எழுதப்பட்டதுதான். தேவனிடம் சொன்னதோடு நிறுத்தாமல், யாக்கோபு 5:16 சொல்வதுபோல் நம்பகமான ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். ஒருவர் போதும். அவர் நம்பர் சனிக்கிழமை சாயங்காலம் போனில் முதலாவதாக இருக்கட்டும்.

1 கொரிந்தியர் 10:13 சோதனையோடுகூட தப்பிக்கொள்ளும் வழியையும் தேவன் உண்டாக்குவார் என்கிறது. வழி பல நேரம் சாதாரணமாக இருக்கும். நாள் முழுக்க நீராவியில் நின்று, தொண்டை வறண்டு, வெறும் வயிற்றோடு, சட்டைப்பையில் ரொக்கத்தோடு டாஸ்மாக் இருக்கும் தெரு வழியாக வந்தால் யாருக்கும் கஷ்டம்தான். கம்பெனியிலேயே இரண்டு சொம்பு தண்ணீர் குடித்து, எதையாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சம்பளத்தை மனைவி கணக்கில் போடச் சொல்லுங்கள், முடியாவிட்டால் அவரைக் கம்பெனி வாசலுக்கே வரச் சொல்லுங்கள். சுற்றுப்பாதையாக இருந்தாலும் வேறு தெருவில் போங்கள். அந்த வேட்கை பெரும்பாலும் அரைமணிக்கு மேல் அதே வேகத்தில் நிற்காது.

கடைசியாக இராப்போஜனம். எடுங்கள். தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றுதான் 1 கொரிந்தியர் 11:28 சொல்கிறது, சோதித்துவிட்டு வீட்டிலேயே இரு என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் போதகரிடம் ஒன்று கேளுங்கள். பாத்திரத்தில் இருப்பது புளிக்காத பழச்சாறா, ஒயினா? பல சபைகளில் சாறுதான். சில இடங்களில் ஒயின் உண்டு. நீங்கள் சாப்பிடுவது குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கிற மாத்திரை என்றால், ஒரு மடக்கு ஒயினுக்கே உடம்பு கோளாறு பண்ணலாம். அந்த மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம்வரை அதன் வேலை இருக்கும். எனவே தனியாக ஒரு சிறு கிண்ணத்தில் சாறு வைக்கச் சொல்லுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் இந்தப் பத்தியைப் போதகரிடம் காட்டுங்கள்.