பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சி: செவிலிய மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

செவிலியப் படிப்பின் நடுவில் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அப்பிரிவில் நெடுங்காலமாகப் பணியாற்றிவரும் மூத்த செவிலியர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி: வரும் வாரம் முதன்முறையாக அந்தப் பிரிவுக்குள் நுழையப்போகிறேன், சிஸ்டர். எதைப் படித்துக்கொண்டு வர வேண்டும்?

பதில்: வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவி பற்றிய பாடத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, எவ்வளவு எடை என்பவைதான் முதலில் மனத்தில் நிற்க வேண்டியவை. 37 வாரங்கள் நிறைவடையும் முன் பிறப்பது குறைமாதக் குழந்தை. 2,500 கிராமுக்குக் கீழே குறை எடை, 1,500 கிராமுக்குக் கீழே மிகக் குறை எடை. இந்த எண்களை ஒப்பிப்பதில் பயனில்லை. அந்தந்த வாரத்தில் உடலில் எது இன்னும் முதிரவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். 28 வாரக் குழந்தையின் நுரையீரலில், காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் போதிய அளவு சுரந்திருக்காது. தோலடிக் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் உடல்வெப்பம் விரைவில் வெளியேறிவிடும். சப்புதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் இசைத்துச் செய்யும் திறன் ஏறத்தாழ 34 வாரத்தில்தான் கைகூடும் என்பதால், அதுவரை பெரும்பாலும் குழாய் வழியாகவே பால் கொடுக்கப்படும்.

கேள்வி: இரண்டு நாள்களாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எதையும் தொட விடுவதில்லை. இந்தப் பயிற்சி வீண் அல்லவா?

பதில்: இந்தக் கேள்வி ஒவ்வோர் அணியிலும் வருகிறது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஊசி போடவும் குழாய் செலுத்தவும் வேறு பிரிவுகளிலும் பழகிக்கொள்ளலாம். பேச முடியாத, சில நேரம் அழவும் முடியாத ஒரு நோயாளியைப் படிக்கும் பழக்கம் இங்கேதான் கிடைக்கும்.

ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, மானிட்டரைப் பார்க்காமல் முழுமையாக ஒரு நிமிடம் வயிற்றின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் இங்கே உதவாது. குறைமாதக் குழந்தை ஐந்து முதல் பத்து விநாடி வரை மூச்சை நிறுத்தி, பின்னர் வேகமாக மூச்சுவிடுவது உண்டு. அது பெரும்பாலும் இயல்பு. மூச்சு 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, அதற்குக் குறைவாக நின்றும் இதயத்துடிப்போ நிறமோ மாறினாலோ அது ஆபத்து. பிறகு மூக்குத்துளைகள் விரிகின்றனவா, விலா எலும்புகளுக்கு இடையே தசை உள்ளிழுக்கிறதா, மூச்சை வெளிவிடும்போது முனகல் கேட்கிறதா என்று கவனியுங்கள். டயாபர் மாற்றும்போது விரல்களை அகல விரித்து முதுகை வில்லாக வளைத்தால் குழந்தை களைத்துவிட்டது என்று பொருள். கையை வாயருகே கொண்டுசென்று மடங்கிக் கிடந்தால் அமைதி அடைந்துவிட்டது. நீங்கள் கண்டதைப் பொறுப்புச் செவிலியரிடம் சொல்லிச் சரிபாருங்கள். அவ்வாறு சரியாகச் சொல்லும் மாணவரைத்தான் அடுத்து வெப்பநிலை பார்க்க அழைப்பார்கள்.

கேள்வி: அலாரம் ஒலித்தால் மாணவர் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் குழந்தையைப் பாருங்கள், அடுத்துப் பாதத்தில் உள்ள சென்சார் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள், அதற்குள் குரல் கொடுத்துச் செவிலியரை அழைத்துவிடுங்கள். அலாரத்தை நிறுத்துவதும் ஆக்சிஜனைக் கூட்டுவதும் உங்கள் வேலை அல்ல. ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்குச் சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும் அளவு, பொதுவாக 90 முதல் 95 சதவீதத்துக்குள் வைக்கப்படுகிறது. 100 என்று காட்டினால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை, அளவுக்கு மீறிய ஆக்சிஜன் முதிராத விழித்திரையைக் கெடுக்கக்கூடும்.

கேள்வி: மருந்துக் கணக்கு என்றாலே கை நடுங்குகிறது.

பதில்: அந்த அச்சம் நல்லதே. ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும். ஆகவே .5 என்று எழுதாமல் 0.5 என்றும், 5.0 என்று எழுதாமல் 5 என்றும் எழுதப் பழகுங்கள். இருவர் தனித்தனியே கணக்கிட்டு விடையை ஒப்பிடுவதுதான் சரிபார்ப்பு, ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் பார்த்துத் தலையாட்டுவது அல்ல. ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்த இரத்தமே ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிலிட்டர்தான். பரிசோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு மில்லிலிட்டரும் குறிப்பேட்டில் ஏறுவது அதனால்தான்.

கேள்வி: மோதிரம், கைக்கடிகாரம், நகப்பூச்சு?

பதில்: மூன்றும் வேண்டாம். சளியோ காய்ச்சலோ இருந்தால் ஆசிரியரிடம் தெரிவித்துவிட்டு வராமல் இருங்கள்.

கேள்வி: "என் குழந்தை பிழைத்துவிடுமா?" என்று தாய் என்னிடம் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: "எல்லாம் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர் என்று கூறி, கையோடு அவரையோ பொறுப்புச் செவிலியரையோ அழைத்து வாருங்கள். ஆனால் தாய்க்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய கங்காரு பராமரிப்பை, அதாவது குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் தோலோடு தோலாக அணைத்து வைப்பதை, பிறந்தவுடனேயே தொடங்கி நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை தர உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. செவிலியர் குழந்தையை மார்பில் நிமிர்த்திக் கிடத்தும்போது ஒயர்களையும் பால் குழாயையும் தாங்கிப் பிடியுங்கள். தலை ஒரு பக்கமாகத் திரும்பி, கழுத்து மடியாமல் இருக்கிறதா என்று பிறகும் அவ்வப்போது பாருங்கள். பணிச்சுமை மிகுந்த செவிலியரால் தாயருகே நீண்ட நேரம் அமர முடிவதில்லை, உங்களால் முடியும்.

கேள்வி: பயிற்சிப் பதிவேட்டில் எப்படி எழுதுவது?

பதில்: கண்டது, உதவியது, மேற்பார்வையில் செய்தது ஆகிய மூன்றையும் பிரித்து எழுதுங்கள். கண்டதைச் செய்ததாக எழுதினால், அடுத்த பணிநேரத்தில் அதைத் தனியாகச் செய்யச் சொல்வார்கள். குழந்தையின் பெயரோ பெற்றோரின் விவரமோ அதில் வரக் கூடாது. கைப்பேசிப் படம் எடுப்பது அறவே கூடாது.