பெரியவர் ஏன் வரவில்லை?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடுத்து ஃபேக்டரிக்குக் கொடுக்கும் ஏஜெண்ட் நான். அப்பா தொடங்கிய தொழில். எடை போட அக்கா மகனை வைத்தேன், சரிப்படவில்லை. ஐந்து மாதச் சம்பளம் 75,000 ரூபாய் தண்டம். அப்பா காலத்திலிருந்து இலை போட்ட ஒரு பெரியவரும் இரண்டு மாதமாக வருவதில்லை, வயதாகிவிட்டது போல. அக்கா மனம் நோகாமல் பையனை எப்படி நிறுத்துவது?

பதில்: 75,000 ரூபாயை விடுங்கள் தம்பி. போகிற போக்கில் ஒரு பெரியவரைப் பற்றி எழுதினீர்களே, அங்கே இருக்கிறது நஷ்டம். அவருக்கு வயதாகிவிட்டது, சரி. செடிக்குமா வயதாகிவிட்டது? பத்துப் பதினைந்து நாளுக்கொருமுறை பறிக்காவிட்டால் கொழுந்து முற்றிப்போகும். யாரோ பறிக்கிறார்கள், அந்த மூட்டை யாருடைய தராசிலோ ஏறுகிறது. போய் விசாரித்தீர்களா?

என்ன நடந்திருக்கும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். மழை நாளில் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள். வெயில் நாளிலும் உங்கள் அக்கா மகன் அதே கழிவு போட்டால்? பழைய ஆட்கள் சண்டை போடமாட்டார்கள். அடுத்த ஏஜெண்டின் வண்டி வரும் நேரத்துக்கு மூட்டையை ரோட்டோரம் வைத்துவிடுவார்கள்.

தனக்கு வேண்டியவர்கள் கொண்டுவந்த முற்றிய இலையையும் உங்கள் மருமகன் வாங்கிப் போட்டிருப்பான். இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறித்தவருடைய இலையும் அதோடு கலந்துதானே போகிறது? மூட்டையை மிதித்து அடைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்தும்விடும். ஃபேக்டரிக்காரர் லோடுக்கு மொத்தமாக விலையைக் குறைப்பார். அந்த இலையில் செய்த தூள் குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை இறங்கி விற்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அப்போது நீங்கள் காரணம் புரியாமல் மார்க்கெட்டைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அக்கா மகனுக்குச் செய்யவேண்டியது தாய்மாமன் கடமை, யார் இல்லை என்றது? டிரைவிங் கற்றுக்கொள்ளப் பணம் கட்டுங்கள், ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடுங்கள், கல்யாணத்துக்குச் சீர் செய்யுங்கள். எல்லாம் உங்கள் கைக்காசில். ஊரார் இலையை நிறுக்கிற தராசை எடுத்து அவனுக்குச் சீராகக் கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. அக்காவின் மனத்தை யோசித்தீர்கள், அப்பாவின் பெயரை யோசித்தீர்களா?

அக்காவிடம் ஃபோனில் சொல்லாதீர்கள், நேரில் போங்கள். கொஞ்ச நாள் பேசமாட்டார், பொங்கலுக்குப் பேசிவிடுவார். அதற்கு முன்னால், இன்று சாயங்காலமே பெரியவர் வீட்டுக்குப் போங்கள். மருமகனைக் கூட்டிப் போகவேண்டாம். அவன் எழுதிய எடைச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எதையும் கேட்கமாட்டார். அநியாயமாகக் கழித்ததை நீங்களே கூட்டிப் பார்த்து அவர் கையில் கொடுங்கள்.