வவுச்சரில் கையெழுத்திட்ட பிறகு நடுவர் தீர்வு கோர முடியுமா?

கேள்வி: நான் நாமக்கல் பகுதியில் கட்டட ஒப்பந்ததாரர். கட்டிக்கொண்டிருந்த கிடங்கின் ஒரு பக்கச் சுவர் கனமழையில் சரிந்தது. ஒப்பந்ததாரர்களுக்கான அனைத்து இடர் பாலிசி வைத்திருந்தேன். 42 லட்சம் ரூபாய் கேட்டேன். இழப்பை மதிப்பிடும் சர்வேயரின் அறிக்கையைக் காட்டி, காப்பீட்டு நிறுவனத்தார் 17 லட்சம்தான் என்றார்கள். கூலி பாக்கி கழுத்தை நெரித்ததால், ‘முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்ட வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்திட்டு, சென்ற மாதம் பணம் வாங்கினேன். மீதிக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் உங்கள் பாலிசியின் நடுவர் தீர்வு (நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தகராறை முடிவு செய்யும் முறை) நிபந்தனையையும், நிறுவனம் அனுப்பிய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இழப்பீட்டுப் பொறுப்பை நிறுவனம் ஏற்றுக்கொண்டு, தொகையில் மட்டும் வேறுபாடு இருந்தால்தான் நடுவரிடம் போகலாம் என்பதே 2023 வரை இவ்வகைப் பாலிசிகளில் வழக்கமாக இருந்த நிபந்தனை; அதற்குப் பிந்தைய பாலிசிகளில், இரு தரப்பும் தனியே ஒப்பந்தம் செய்துகொண்டால்தான் நடுவர் தீர்வு. ராஜஸ்தானின் கோட்டாவில் சம்பல் ஆற்றின் மேல் கட்டப்பட்டுவந்த பாலம் 2009இல் இடிந்தபோது எழுந்த வழக்கில், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பையே மறுத்திருந்ததால், சென்னை உயர் நீதிமன்றம் நடுவரை நியமித்ததை உச்ச நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. உங்களுக்கோ 17 லட்சம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பாலிசியில் அந்தப் பழைய நிபந்தனை இருந்து, கோரிக்கையின் எந்த இனத்தையும் ‘பாலிசியில் அடங்காது’ என்று தள்ளாமல் மதிப்பை மட்டும் குறைத்திருந்தால், கதவு திறந்தே இருக்கிறது. ஏதேனும் ஓர் இனத்தை அப்படித் தள்ளியிருந்தால், அதற்கு நுகர்வோர் ஆணையத்தையோ உரிமையியல் நீதிமன்றத்தையோ நாட வேண்டியிருக்கும்.

வவுச்சர் உங்களைப் பயமுறுத்த வேண்டாம். முழுத் தீர்வாகப் பெற்றதாகக் கையெழுத்திட்ட ஒரு நூற்பாலையின் தீவிபத்துக் கோரிக்கையில், அந்தக் கையெழுத்து நடுவர் தீர்வு ஒப்பந்தத்தை அழித்துவிடாது என்றும், அது மனமுவந்த தீர்வா, நெருக்கடியில் பெறப்பட்டதா என்பதை நடுவரே ஆராய வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொன்னது. ஆனால் நெருக்கடியை நிரூபிக்கும் சுமை உங்களுடையது; வெறும் பணமுடை போதாது, கையெழுத்திட்டால்தான் பணம் என்று அவர்கள் நிர்ப்பந்தித்ததற்குச் சான்று வேண்டும். ஒப்பந்ததாரர்கள் இங்கேதான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள்: பணம் வாங்கி ஒரு வருடம் வாய்மூடி இருந்துவிட்டுப் பிறகு ‘கட்டாயப்படுத்தினார்கள்’ என்றால் எந்த நடுவரும் எளிதில் நம்பமாட்டார். ஆகவே இந்த வாரமே ஆட்சேபக் கடிதம் அனுப்புங்கள். கூலிப் பதிவேடு, வங்கிக் கணக்கு, வவுச்சர் தந்தால்தான் பணம் என்று வந்த மின்னஞ்சல் அல்லது வாட்ஸ்அப் செய்தி, சர்வேயர் அறிக்கையின் நகல் ஆகியவற்றைத் திரட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து, 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்வு மற்றும் சமரசச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, நடுவர் தீர்வு கோரும் அறிவிப்பை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். மறுதரப்பு அதைப் பெறும் நாளில்தான் நடவடிக்கை தொடங்கியதாகக் கருதப்படும். நிபந்தனைப்படி நடுவர் அமையாவிட்டால், 11ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம். நிறுவனம் தன் அதிகாரியையே நடுவராக்க முயன்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2015 திருத்தத்துக்குப் பின் அவர் தகுதியற்றவர், அந்தத் தகுதிக்குறைவை நீங்கள் விட்டுக்கொடுப்பதாக எழுத்தில் வெளிப்படையாக ஒப்பினாலன்றி.

கிடங்கு உரிமையாளர் ‘வேலை மோசம், அதனால்தான் விழுந்தது’ என்று சொல்லி உங்கள் பில்லை நிறுத்தியிருந்தால், அவருக்கு எழுதும் பதிலிலும் சுவர் விழுந்த காரணத்தை ஒரே மாதிரி, உண்மையாக எழுதுங்கள். அந்தக் கடிதம் நாளை நடுவர் முன் காப்பீட்டு நிறுவனத்தின் கையில் இருக்கும்.