காட்டுத்தீப் புகை எங்கே போகிறது என்பதைச் சாட்டிலைட் படத்தில் நாமே பார்க்க முடியுமா?

தாராளமாகப் பார்க்கலாம். காசு கிடையாது, போன் இருந்தாலே போதும்.

எங்கள் காரைக்குடிப் பக்கம் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. என் அக்கா குடும்பம் மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறது, அவள் சின்ன மகனுக்கு வீசிங் உண்டு, அதனால் ஆகஸ்ட், செப்டம்பர் வந்தாலே அங்கே புகைமூட்டம் எப்படி என்று நான் இங்கிருந்தே பார்க்கத் தொடங்கிவிடுவேன். அந்த மாதங்களில் தென்மேற்குக் காற்று சுமத்ராவில் எரிகிற புகையை மலாக்கா நீரிணையைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடும்.

நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தைத் திறந்து தேதியையும் இடத்தையும் வையுங்கள். மேகம் நல்ல வெள்ளையாக, விளிம்பு தெளிவாக இருக்கும். புகை பழுப்பு கலந்த சாம்பல் நிறம், அதற்கு அடியில் கரையோரம் மங்கலாகத் தெரியும். ஒரு முனை குறுகலாகத் தொடங்கிக் காற்றுப் போக்கில் விரிந்துகொண்டே போகும். அந்தக் குறுகலான முனையைப் பிடித்துக்கொண்டு போனால் தீ இருக்கும் இடம் வந்துவிடும். தீப்புள்ளிகளைப் படத்தின் மேல் காட்டுகிற லேயரையும் போட்டால் அங்கே சிவப்புப் புள்ளிகள் தெரியும். நோவா-20 மாதிரி சாட்டிலைட்டில் உள்ள விர்ஸ் கருவி காட்டும் ஒரு புள்ளி, தரையில் சுமார் 375 மீட்டர் நீள அகலமுள்ள ஒரு கட்டம்.

ஆனால் புள்ளி இல்லை என்றால் தீ இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சுமத்ராவில் எரிவதில் பெரும்பங்கு பீட் என்கிற மட்கிய சதுப்பு நிலம், தீ மண்ணுக்குள்ளேயே கனன்றுகொண்டு கிடக்கும். நம் சிவகங்கைப் பக்கம் கருவேல விறகை அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போடுவார்களே, வெளியே தீ தெரியாது, புகை மட்டும் வந்துகொண்டே இருக்கும், அதே கதைதான். மேலிருந்து பார்க்கிற கருவிக்கு அந்தச் சூடு பல நேரம் எட்டாது.

புகை நகர்வதைப் பார்க்க ஜப்பானின் ஹிமாவாரி-9 சாட்டிலைட் நல்லது, 10 நிமிடத்துக்கு ஒரு படம் வரும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது புகை பளிச்சென்று தெரியும், உச்சி வெயிலில் அதே புகை கண்ணுக்கு மறைந்துவிடும், அதனால் மதியம் காணோமே, கலைந்துவிட்டது போல என்று நினைக்க வேண்டாம்.

இதைவிட முக்கியமான ஒன்று. படத்தில் தெரிவது தரையிலிருந்து வானம் வரை உள்ள மொத்தப் புகை. அது இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில் போகலாம், கீழே மூச்சுவிடுகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. மெல்லியதாகத் தெரிகிற புகை தரையோடு படிந்து நெஞ்சை அடைக்கவும் செய்யலாம். அதனால் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதைப் படத்தில் பாருங்கள். பிள்ளையை வெளியே விடலாமா என்பதைத் தரையில் உள்ள நிலையத்தின் அளவீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மலேசியாவில் இந்தக் காற்று மாசுக் குறியீட்டை ஏபிஐ என்பார்கள், 100க்கு மேல் போனால் உடம்புக்கு ஆகாது. 2013 ஜூனில் அங்கே மூவார் என்ற ஊரில் அது 700ஐத் தாண்டி அவசரநிலையே அறிவித்தார்கள்.

அப்புறம், மேகம் மூடிய நாளில் சாட்டிலைட் படம் அவ்வளவாக உதவாது. அன்றைக்கு நான் சிங்கப்பூரில் உள்ள ஆசியான் வானிலை மையத்தின் புகைமூட்ட வரைபடத்தைப் பார்ப்பேன், காற்றுத் திசையையும் அதிலேயே போட்டிருப்பார்கள்.