நகரத் தொடக்கப் பள்ளிகளில் ஊட்டமும் உடல்நலமும்: கேள்வி பதில்

கேள்வி (ஆசிரியை): ஊட்டச்சத்தைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்துகிறோம், சுவரெல்லாம் படங்களும் ஒட்டியிருக்கிறோம். ஆனாலும் பிள்ளைகள் மதிய உணவில் பாதியை மீதம் வைக்கிறார்கள். ஏன்?

பதில்: படங்களை விட்டுவிட்டு உங்கள் கால அட்டவணையைப் பாருங்கள். கை கழுவவும் வரிசையில் நிற்கவும் ஆகும் நேரம் போக, அமர்ந்து உண்பதற்கு மட்டும் குறைந்தது 20 நிமிடங்களாவது இருக்க வேண்டும். உணவுக்குப் பிறகு விளையாட்டு என்றிருந்தால், குழந்தையின் மனம் மைதானத்திலேயே இருக்கும். கையில் எடுத்ததை விழுங்கிவிட்டு ஓடிவிடும். விளையாட்டை உணவுக்கு முன்னால் வைத்த பள்ளிகளில் பிள்ளைகள் பழமும் காயும் கூடுதலாக உண்டதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. செலவில்லாத மாற்றம்தான், ஆனால் பள்ளிகள் தொட அஞ்சுவதும் இந்த அட்டவணையைத்தான்.

கேள்வி (பெற்றோர்): ஏழு வயது மகன் காய்கறியைத் தொடுவதே இல்லை. அவனுக்கு எவ்வளவு தேவை?

பதில்: 6 முதல் 9 வயது வரை காயும் பழமுமாக நாளொன்றுக்கு 350 கிராமாவது வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட பரிந்துரை. அந்த அளவை முதல் வாரத்திலேயே எட்ட முயலாதீர்கள். ஒரு புதிய சுவை பழகுவதற்குப் பத்து முறைக்கு மேலும் ஆகலாம் என்பதால், ஒரு வாய் அளவுக்கு, வற்புறுத்தாமல், மீண்டும் மீண்டும் தட்டில் வையுங்கள். "இதைத் தின்றால் மிட்டாய்" என்று மட்டும் சொல்லாதீர்கள். காய் தண்டனை, மிட்டாய் பரிசு என்று அவன் கற்றுக்கொள்வான்.

கேள்வி (தலைமையாசிரியர்): பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் குளிர்பானத்தை நிறுத்திவிட்டுப் பழச்சாறு விற்கலாமா?

பதில்: நிறுத்துவது சரி, பழச்சாறு அதற்கு மாற்று அல்ல. தனிச் சர்க்கரை, அதாவது உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சர்க்கரை போன்றவை, நாளின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; நாளொன்றுக்கு 1,600 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு அது 40 கிராம். 330 மில்லி கோலா ஒன்றிலேயே ஏறத்தாழ 35 கிராம் போய்விடுகிறது. சாறாகப் பிழிந்த பழத்தின் சர்க்கரையும் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழத்தின் சர்க்கரை சேராது. ஆகவே தண்ணீர்தான் விடை. ஆனால் குழாயை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். கழிவறை அசுத்தமாகவோ தாழ்ப்பாள் இல்லாமலோ இருந்தால், பிள்ளைகள், அதிலும் சிறுமிகள், அங்கே போக நேரிடுமே என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பார்கள். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் அப்படியும் வரும். எனவே குடிநீரைப் பற்றி என்னிடம் கேட்கும் எவரிடமும் நான் முதலில் கேட்பது கழிவறையைப் பற்றித்தான்.

கேள்வி (ஆசிரியர்): ஒரே வகுப்பில் மிக மெலிந்தவர்களும் மிகப் பருமனானவர்களும் இருக்கிறார்கள். தனித்தனி உணவு தரலாமா?

பதில்: வேண்டாம். இருவருக்குமே இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். பருமனான பிள்ளைக்கு இரத்தசோகை இராது என்பது தவறான எண்ணம். 5 முதல் 11 வயதுள்ளவர்களுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 11.5 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தசோகை. பருப்பு, கீரை ஆகியவற்றோடு வைட்டமின் சி உள்ள பழத்தையும் சேர்த்து உண்டால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். உணவோடு தேநீர் குடித்தால் அது குறையும். எடை பார்ப்பதைத் தனியறையில் செய்யுங்கள். அந்த எடையை வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறைக் குறியீட்டில் (BMI) பெரியவர்களுக்கான வரம்புகளும் இவர்களுக்குப் பொருந்தா. வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய அட்டவணையே தேவை.

கேள்வி (பெற்றோர்): எங்கள் பள்ளியில் மைதானமே இல்லையே?

பதில்: நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை, அது ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. தாழ்வாரத்தில் கயிறு தாண்டுவதும், பாடங்களுக்கு இடையே பத்து நிமிடம் ஆடுவதும் கணக்கில் சேரும். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையின் விளையாட்டு நேரத்தைப் பறிக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், பெற்றோர் கூட்டத்தில் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.